காற்று ஒரு கணக்கு, நிலம் ஒரு கணக்கு: மலை உறைநிலத்தின் வெப்பநிலை

ஜப்பானின் ஃபூஜி மலை 3776 மீட்டர் உயரம். அதன் உச்சியில் ஆண்டு முழுவதும் காற்றை அளந்து சராசரி எடுத்தால் மைனஸ் 6 டிகிரி செல்சியஸ் அளவில் வரும். ஹவாய்த் தீவின் மவுனா கியா 4205 மீட்டர். உயரம் கூடுதல்தான், ஆனால் வெப்பமண்டலத்தில் இருப்பதால் அங்கே அதே சராசரி பிளஸ் 4 டிகிரியை ஒட்டி நிற்கிறது. இரண்டும் எரிமலைகள், இரண்டின் உச்சியிலும் காலுக்கடியில் இருப்பது நீரும் காற்றும் எளிதாகப் புகுந்து போகக்கூடிய எரிமலைக் கசடு. இவற்றில் எந்த மலையைத் தோண்டினால் கோடையிலும் உருகாத பனிக்கட்டி கிடைக்கும்?

யாரும் ஃபூஜி என்றுதான் சொல்வார்கள். 1971-இல் அங்கே உறைநிலம், அதாவது ஆண்டுக்கணக்கில் உறைந்தே கிடக்கும் நிலம், இருப்பதாக ஆய்வுக் கட்டுரையும் வந்தது. ஆனால் பிற்காலத்தில் கருவிகளைப் புதைத்துப் பன்னிரண்டு மாதமும் அளந்து பார்த்தபோது, மைனஸ் 6 டிகிரிக் காற்றுக்குக் கீழே இருக்கவேண்டிய அளவுக்கு நிலம் குளிர்ந்திருக்கவில்லை. உறைநிலம் உச்சிப் பகுதியில் ஆங்காங்கேதான் தென்பட்டது. மவுனா கியாவிலோ நிலைமை தலைகீழ். 1970-களில் ஆல்ஃபிரட் வுட்காக் என்ற ஆய்வாளர், உச்சிக்கு அருகே கசடுக் கூம்புகளின் பள்ளங்களுக்குள் இரண்டு இடங்களில் உறைநிலத்தைக் கண்டார். காற்றின் சராசரி உறைநிலைக்கு மேலே, மண்ணுக்குள் பனிக்கட்டி.

மலை உறைநிலத்தைப் பற்றிப் புதிதாகப் படிப்பவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். காற்றின் வெப்பநிலை வேறு, நிலத்தின் வெப்பநிலை வேறு. இரண்டுக்கும் உறவு உண்டு. ஆனால் நடுவே பனி, கல், நீர், வெயில், காற்றோட்டம் என்று தரகர்கள் பலர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தன் பங்கை எடுத்துக்கொண்டோ, தன் பங்குக்குக் கூட்டியோதான் மேலே இருப்பதைக் கீழே அனுப்புகிறார்கள்.

பெயரில் உள்ள சிக்கல்

ஆங்கில வழக்கில் பெர்மாஃப்ராஸ்ட் என்பதை நாம் நிரந்தர உறைமண், நிலத்தடி உறைபனி என்றெல்லாம் எழுதிவருகிறோம். மூன்று பெயருமே கொஞ்சம் ஏமாற்றும். அறிவியல் வரையறை மிக எளிது: தொடர்ந்து இரண்டு ஆண்டுகளாவது 0 டிகிரியிலோ அதற்குக் கீழோ இருக்கும் நிலம் எதுவும் பெர்மாஃப்ராஸ்ட்தான். மண்ணாக இருக்கவேண்டியதில்லை, வெறும் பாறையாக இருக்கலாம். பனிக்கட்டி இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. ஒரு சொட்டு ஈரமில்லாத பாறை இரண்டு ஆண்டுகள் மைனஸ் 2 டிகிரியில் கிடந்தால் அதுவும் கணக்கில் சேரும். நிரந்தரமும் இல்லை, இரண்டு ஆண்டு போதும். ஆக இது ஒரு பொருளின் பெயரல்ல, ஒரு வெப்பநிலை நிலவரத்தின் பெயர். இந்தக் கட்டுரையில் சுருக்கமாக உறைநிலம் என்றே சொல்கிறேன்.

சைபீரியாவிலும் வட கனடாவிலும் உறைநிலம் கம்பளம் விரித்தாற்போல் பரந்து கிடக்கிறது. நிலப்பரப்பில் 90 விழுக்காட்டுக்கு மேல் உறைந்திருந்தால் தொடர் உறைநிலம் என்பார்கள். 50 முதல் 90 வரை இருந்தால் விட்டுவிட்டு அமைந்தது, 10 முதல் 50 வரை சிதறியது. 10 விழுக்காட்டுக்கும் குறைந்தால் தனித்திட்டு உறைநிலம். நடுத்தர அட்சரேகைகளில் உள்ள மலைகளில் கடைசி இரண்டு வகைகள்தான் பெரும்பாலும் கிடைக்கும். ஒரு சரிவில் இருக்கும், ஐம்பது மீட்டர் தள்ளி இருக்காது. மேலே நின்று பார்த்தால் அடையாளம் எதுவும் தெரியாது. பனியாறு என்றால் கண்ணுக்குத் தெரியும், படம் எடுக்கலாம். இதற்கு ஒரு துளை போட்டு வெப்பமானியை இறக்கித்தான் ஆகவேண்டும்.

பனி ஒரு போர்வை, ஆனால் யாருக்கு?

உயரம் ஏற ஏறக் காற்று குளிரும் என்பது தெரிந்ததே. பொதுவாக 100 மீட்டருக்கு ஏறக்குறைய 0.65 டிகிரி. இதை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு மலையில் இந்த உயரத்துக்கு மேல் எல்லாம் உறைநிலம் என்று கோடு கிழித்துவிடலாம். அப்படிக் கிழித்த கோடுகள் களத்தில் நிற்பதில்லை. வெயில் முதல் காரணம். ஆல்ப்ஸ் மலைகளின் செங்குத்துப் பாறை முகங்களில் தெற்கு நோக்கியதற்கும் வடக்கு நோக்கியதற்கும் ஆண்டுச் சராசரி மேற்பரப்பு வெப்பநிலையில் 7 டிகிரி வரை வேறுபாடு இருக்கக்கூடும். உயரக் கணக்கில் சொன்னால் இது ஆயிரம் மீட்டர் ஏறி இறங்குவதற்குச் சமம். ஒரே சிகரத்தின் ஒரு முகத்தில் உறைநிலம், மறு முகத்தில் ஒன்றுமில்லை.

ஆனால் எனக்குப் பிடித்த தரகர் பனிதான். பனி விழுந்தால் நிலம் குளிரும் என்று மனம் சொல்கிறது. பனி குளிர்ந்த பொருள்தான், சந்தேகமில்லை. ஆனால் புதிதாக விழுந்த பனியில் பெரும்பகுதி காற்று. பாறை கடத்தும் வெப்பத்தில் இருபதில் ஒரு பங்கைக்கூட அது கடத்தாது. கம்பளியைப் போல. கம்பளி யாரைச் சூடாக வைக்கும்? உள்ளே ஏற்கெனவே சூடு இருப்பவரைத்தான். கோடையில் சேர்த்த வெப்பத்தோடு நிலம் இருக்கும்போது, அக்டோபரிலேயே ஒரு மீட்டர் பனி வந்து மூடிவிட்டால், அந்தச் சூடு வெளியே போக வழியில்லாமல் குளிர்காலம் முழுக்க உள்ளேயே தங்கிவிடும். வெளியே மைனஸ் 20 டிகிரிக் காற்று ஊளையிடும். பனிக்கடியில் நிலம் 0 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே சுகமாகக் கிடக்கும்.

வசந்தத்தில் இதே போர்வை எதிர்வேலை செய்கிறது. வெயில் ஏறத் தொடங்கிய பின்னும் பனி கிடந்தால், ஒளியில் பெரும்பகுதியை வெள்ளை நிறம் திருப்பி அனுப்பிவிடும். மிச்சம் வந்த வெப்பம் பனியை உருக்கவே செலவாகும். நிலம் 0 டிகிரியைத் தாண்டவே முடியாது. எனவே எவ்வளவு பனி விழுந்தது என்பதைவிட, எப்போது வந்தது, எப்போது போனது என்பதே முக்கியம். தாமதமாக வந்து தாமதமாகப் போகும் பனி நிலத்தைக் குளிர்விக்கும். சீக்கிரம் வந்து சீக்கிரம் போகும் பனி சூடேற்றும். சுவிட்சர்லாந்தில் 2015-16, 2016-17 குளிர்காலங்களில் பனி குறைவாகவும் தாமதமாகவும் விழுந்தது. காற்று ஒன்றும் பழைய காலக் குளிருக்குத் திரும்பிவிடவில்லை. ஆனாலும் அதற்கு முன்வரை ஏறிக்கொண்டே வந்த நிலத்தடி வெப்பநிலை பல இடங்களில் சற்று இறங்கியது. போர்வை இல்லாததால் நிலத்தின் சூடு வெளியே கசிந்துவிட்டது.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் உள்ள ழாக் கார்த்தியே மலையை வைத்துப் பார்த்தால் இது இன்னும் துலக்கமாகும். 1268 மீட்டர்தான் உயரம். ஆர்க்டிக்கிலிருந்து வெகு தெற்கே, ஏறக்குறைய 49-ஆவது அட்சரேகையில், சுற்றிலும் காடு சூழ, உச்சியில் மட்டும் ஒரு தனித்திட்டு உறைநிலம். 1977 முதல் அங்கே ஆழ்துளையில் வெப்பநிலை அளக்கப்படுகிறது. அந்த உச்சி மொட்டையானது. குளிர்காலம் முழுக்க வீசும் காற்று விழுந்த பனியைப் பெருக்கித் தள்ளிவிடும்; தரையில் மெல்லிய படலம்தான் மிஞ்சும். அதனால் உள்ளிருக்கும் வெப்பம் தடையில்லாமல் வெளியேறுகிறது. காற்று பெருக்கித் தள்ளிய பனி எங்கே போகிறது? மறுபுறச் சரிவிலும், உச்சிக்குச் சற்றுக் கீழே குட்டையாக, நெருக்கமாக வளர்ந்து கிடக்கும் ஊசியிலை மரங்களின் இடையிலும் குவிகிறது. அங்கெல்லாம் உறைநிலம் இல்லை. காற்று ஒன்று, உயரம் ஏறக்குறைய ஒன்று. எல்லையைப் போடுவது பனியின் தடிமன்தான். மரங்கள் நாளைக்கு மேலே ஏறி உச்சியைப் பிடித்தால், பனி அங்கே தங்கும். காற்றின் வெப்பநிலை ஒரு டிகிரிகூட மாறாமலேயே உறைநிலம் கரையத் தொடங்கிவிடலாம்.

பனியின் இந்தக் குணத்தையே ஒரு கருவியாக மாற்றியவர் சுவிட்சர்லாந்தின் வில்ஃப்ரீட் ஹேபர்லி. 1973-இல் அவர் சொன்ன முறை இது: பிப்ரவரி, மார்ச் மாதங்களில், பனி 80 சென்டிமீட்டருக்கு மேல் தடித்துக் கிடக்கும்போது, நீண்ட கம்பியைப் பனிக்குள் செருகித் தரையைத் தொடும் இடத்தில் வெப்பநிலையைப் பார்க்கவேண்டும். அவ்வளவு தடித்த பனிக்கடியில் வெளிக்காற்றின் குரல் கேட்காது. கீழே இருக்கும் நிலத்தின் குரல்தான் கேட்கும். மைனஸ் 3 டிகிரிக்கும் கீழே காட்டினால் அடியில் உறைநிலம் இருக்க வாய்ப்பு அதிகம். மைனஸ் 2-க்கு மேலே காட்டினால் பெரும்பாலும் இல்லை. நடுவில் விழுந்தால் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஒரு கம்பியும் பொறுமையும் போதும். மலை உறைநில ஆய்வில் இவ்வளவு மலிவான உத்தி வேறு இல்லை என்று நினைக்கிறேன்.

கற்குவியல் மூச்சு விடும்

மவுனா கியா புதிருக்கு வருவோம். பெரிய கற்களோ கசடோ குவிந்த இடத்தில் இடுக்குகள் முழுக்கக் காற்று. குளிர்ந்த காற்று கனமானது. இரவிலும் குளிர்காலத்திலும் அது இடுக்குகள் வழியே கீழே வழிந்து, உள்ளிருக்கும் சூடான காற்றை வெளியே தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்கிறது. பகலில் மேலே சூடாகும் காற்று இலேசானது. அதனால் கீழே இறங்க முடியாது. உள்ளே போகக் குளிருக்கு மட்டும் அனுமதி உள்ள ஒருவழிக் கதவு. இதோடு மவுனா கியா உச்சியின் வறண்ட, மெல்லிய காற்று சேர்கிறது. மேகமில்லாத இரவில் தரை தன் வெப்பத்தை நேரே வானத்துக்கு வீசிவிடுகிறது. கூம்பின் பள்ளத்துக்குள் நிழல் விழும் சரிவில் வெயிலும் குறைவு. இத்தனையும் ஒரே இடத்தில் கூடிவந்த இரண்டு திட்டுகளில்தான் உறைநிலம் இருந்தது. மலை முழுவதும் அல்ல.

சரிவான கற்குவியலில் இன்னும் வேடிக்கையான காரியம் நடக்கும். குளிர்காலத்தில் குவியலுக்குள் இருக்கும் காற்று வெளிக்காற்றைவிடச் சூடாக இருப்பதால் மேல்முனை வழியாகப் புகைபோக்கியில் போவதுபோல ஏறி வெளியேறுகிறது. அந்த இடத்தை நிரப்ப, அடிமுனை வழியாகக் கடுங்குளிர்க் காற்று உறிஞ்சப்படுகிறது. அடிப்பகுதி உறைந்துபோகிறது. கோடையில் திசை மாறும்: உள்ளே குளிர்ந்த காற்று கனத்து அடிமுனை வழியே வெளியே வழியும். கொளுத்தும் ஜூலையில் கற்களுக்கிடையே கையை வைத்தால் சில்லென்று காற்று அடிக்கும். சுவிஸ் ஜூரா மலைத்தொடரில் க்ரே டு வான் என்ற இடம் இதற்குப் பேர்போனது. சுமார் 1200 மீட்டர் உயரம்தான். காற்றின் ஆண்டுச் சராசரி 5 டிகிரிக்கும் மேல். ஆனால் கற்சரிவின் அடிவாரத்தில் உறைநிலம் இருக்கிறது. அதன் மேல் நிற்கும் ஸ்ப்ரூஸ் மரங்கள் வேர் குளிர்ந்துபோய்க் குள்ளமாகவே இருக்கின்றன. இதே சரிவின் மேல்பகுதியில் குளிர்காலத்தில் சூடான காற்று வெளியேறும் ஓட்டைகளைச் சுற்றிப் பனி உருகிக் கிடக்கும்.

ஃபூஜியில் இதே நுண்துளைக் கசடு ஏன் எதிராக வேலை செய்கிறது? மழை. அங்கே கோடையில் கனமழை கொட்டுகிறது. கசடு நீரைத் தேக்காது, நேரே உள்ளே விடும். இறங்கும் நீர் தன் சூட்டையும் சுமந்துகொண்டு போகிறது. பாறை வழியாகக் கடத்தலால் பல வாரங்களில் இறங்கவேண்டிய வெப்பம், ஒரு மழையில் சில மணிநேரத்தில் இறங்கிவிடுகிறது. புதைத்துவைத்த கருவிகளில் மழை நாட்களில் வெப்பநிலை வெடுக்கென்று குதிப்பது பதிவானது. கீழே போன நீர் உறைந்தால் இன்னொரு தொல்லை: உறையும்போது ஒவ்வொரு கிலோ நீரும் 334 கிலோஜூல் வெப்பத்தை அங்கேயே விட்டுவிடும். ஒரே மாதிரி கசடு வறண்ட மலையில் குளிர்சாதனப் பெட்டியாகவும், ஈர மலையில் அடுப்பாகவும் ஆகிவிடுகிறது.

ஆழத்தில் பருவம் மாறி வரும்

இனி ஒரு ஆழ்துளைக்குள் இறங்கிப் பார்ப்போம். சிறு துளைதான், கை நுழையும் அளவு. அதற்குள் ஒரு கேபிள். கேபிளில் குறிப்பிட்ட இடைவெளிகளில் தெர்மிஸ்டர் என்னும் மிளகளவு உணரிகள். வெப்பநிலை மாறினால் அவற்றின் மின்தடை மாறும். அதை அளந்து டிகிரியாக மாற்றிக்கொள்ளலாம். மேல் மீட்டர்களில் மாற்றம் அதிகம் என்பதால் உணரிகள் நெருக்கமாக, கீழே போகப்போக அகலமான இடைவெளியில். துளையின் வாயில் ஒரு பதிவுப் பெட்டி. இறக்குவதற்கு முன் எல்லா உணரிகளையும் பனிக்கட்டியும் நீரும் கலந்த தொட்டியில் போட்டு 0 டிகிரி காட்டுகிறதா என்று சரிபார்ப்பது வழக்கம். தனித்திட்டு உறைநிலம் பெரும்பாலும் மைனஸ் 0.3, மைனஸ் 0.5 என்ற அளவில்தான் இருக்கும். கருவி அரை டிகிரி பிசகினால், இருக்கும் உறைநிலம் காகிதத்தில் இல்லாமல் போய்விடும்.

மேற்பரப்பில் வெப்பநிலை கோடையில் ஏறிக் குளிர்காலத்தில் இறங்குகிறது. இந்த அலை பாறைக்குள் இறங்கும்போது இரண்டு காரியம் நடக்கும்: அலை சிறுத்துப்போகும், தாமதமும் ஆகும். சாதாரணப் பாறையில் ஏறக்குறைய 3 மீட்டர் இறங்குவதற்குள் அலையின் உயரம் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கி, இரண்டு மாதம் பின்தங்கிவிடும். மேற்பரப்பில் சராசரிக்கு மேலும் கீழுமாக 10 டிகிரி ஆடினால், 10 மீட்டர் ஆழத்தில் ஆட்டம் 0.4 டிகிரிதான். தாமதம் ஆறு மாதம். அதாவது மேலே கடுங்குளிர் இருக்கும்போது 10 மீட்டர் கீழே ஆண்டின் மிகச் சூடான நாள்! முதன்முதலில் இப்படியொரு வரைபடத்தைப் பார்த்தபோது மாதப் பெயர்களை யாரோ மாற்றி அச்சிட்டுவிட்டார்கள் என்றே நினைத்தேன். போன கோடையின் செய்தி இப்போதுதான் அங்கே போய்ச் சேர்கிறது.

15 மீட்டருக்கும் கீழே ஆட்டம் 0.1 டிகிரிக்கும் குறைவு. பருவம் என்பதே இல்லாத ஆழம். மண்ணின் தன்மையைப் பொறுத்து இது 10 முதல் 20 மீட்டருக்குள் வரும். நிலத்தடி வெப்பநிலை என்று ஒற்றை எண்ணாக யாராவது சொன்னால் பெரும்பாலும் இந்த ஆழத்தில் எடுத்ததாக இருக்கும். மேலே நடக்கும் தினசரிக் கூச்சல் எல்லாம் வடிகட்டப்பட்டு, பல ஆண்டுகளின் சராசரி மட்டும் அங்கே எஞ்சுகிறது.

அதற்கும் கீழே போனால் பூமியின் உள்வெப்பம் பேசத் தொடங்கும். ஏறக்குறைய 30 மீட்டருக்கு ஒரு டிகிரி ஏறும். இதிலிருந்து ஒரு தோராயக் கணக்கு: மேலே மைனஸ் 1 டிகிரி என்றால் 30 மீட்டர் ஆழத்தில் 0 டிகிரியைத் தொட்டுவிடுவோம், அதுவே உறைநிலத்தின் அடி. மேலே மைனஸ் 5 என்றால் 150 மீட்டர். சமவெளியில் இந்தக் கணக்கு ஓரளவு ஒத்துவரும். மலையில் நம்பக்கூடாது. சிகரம் என்பது மேலே மட்டும் திறந்த தரை அல்ல. பக்கங்களும் திறந்தே இருக்கின்றன. வெயில் விழும் தெற்கு முகத்திலிருந்து குளிர்ந்த வடக்கு முகத்துக்குப் பாறையின் ஊடாக வெப்பம் பக்கவாட்டில் ஓடுகிறது. தெற்கு முகத்தில் நின்று கீழே துளையிட்டால், வடக்கு முகத்தின் குளிரைப் போய்த் தொடவும் வாய்ப்புண்டு. தனித்திட்டுக்கு இன்னும் மோசம். நான்கு பக்கமும் உறையாத, சூடான நிலம் சூழ நடுவில் ஒரு குளிர்ந்த கட்டி. அடியிலிருந்து மட்டுமல்லாமல் ஓரங்களிலிருந்தும் வெப்பம் கசிந்து வந்துகொண்டே இருக்கும்.

எவ்வளவு உயரத்தில் துளைத்தாலும் உறைநிலம் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. 1990-களின் இறுதியில் ஐரோப்பாவில், ஆர்க்டிக்கின் ஸ்வால்பார்டிலிருந்து தெற்கு ஸ்பெயின் வரை வரிசையாக ஆழ்துளைகள் போட்டு அளக்கும் திட்டம் ஒன்று நடந்தது. தென்கோடியில் சியெரா நெவாடாவின் வெலெட்டா சிகரத்தில், 3300 மீட்டருக்கும் மேலே, 100 மீட்டருக்கும் ஆழமாகத் துளைத்தார்கள். உறைநிலம் இல்லை. ஆனால் அதே சிகரத்தின் வடக்கே, கீழே உள்ள நிழல் பள்ளத்தில், கற்குவியலுக்கடியில் பழைய பனியாற்றின் மிச்சத்தோடு ஒரு சிறு உறைநிலத் திட்டு இருந்தது. உச்சியில் இல்லாதது பள்ளத்தில்.

0 டிகிரியில் மாட்டிக்கொள்ளும் கோடு

உறைநிலம் சூடாகிறது என்றால் எண் ஏறவேண்டும். மைனஸ் 8-இல் இருக்கும் ஆர்க்டிக் நிலத்தில் அப்படித்தான் ஏறுகிறது. 0-ஐ நெருங்கிய மலைத் திட்டுகளில் எண் அசையாமல் நிற்கும். நின்றால் பாதுகாப்பு என்று பொருளல்ல. ஒரு டம்ளர் நீரில் பனிக்கட்டி மிதக்கும்வரை நீர் 0 டிகிரியிலேயே இருக்கும், வெளியிலிருந்து எவ்வளவு வெப்பம் வந்தாலும் அது பனிக்கட்டியை உருக்கவே செலவாகும். நிலத்திலும் அதே கதைதான்.

ஒரு கன மீட்டர் நிலத்தை எடுத்துக்கொள்வோம். அதன் கன அளவில் 40 விழுக்காடு பனிக்கட்டி என்று வைத்தால், எடை சுமார் 370 கிலோ. கிலோவுக்கு 334 கிலோஜூல் வீதம் அதை உருக்க 12 கோடி ஜூல் தேவை. அதே கன மீட்டரை, உருகாத நிலையில், ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 20 லட்சம் ஜூல் போதும். அறுபது மடங்கு வேறுபாடு! மைனஸ் 1-இலிருந்து 0 வரை வர ஒரு பங்கு வெப்பம். 0-இல் நின்று உருகி முடிக்க அறுபது பங்கு. வெப்பமானி இந்த அறுபது பங்கைக் காட்டவே காட்டாது. வரைபடத்தில் கோடு படுத்துவிடும். இதைப் பூஜ்யத் திரை என்கிறார்கள். நல்ல பெயர், திரைக்குப் பின்னால் நடப்பது தெரிவதில்லை.

உலகளவில் 2007 முதல் 2016 வரை ஆழ்துளைகளில் அளந்ததைத் தொகுத்தபோது உறைநிலம் சராசரியாக 0.29 டிகிரி சூடாகியிருந்தது. மலைப்பகுதிகளில் மட்டும் பார்த்தால் 0.19 டிகிரி. மலை தப்பித்துவிட்டது என்று இதைப் படிப்பது தவறு. பனிக்கட்டி நிறைந்த, 0-ஐ ஒட்டிய நிலம் வெப்பத்தை வாங்கி எண்ணில் காட்டாமல் விழுங்கிக்கொள்வதும் இந்த வேறுபாட்டுக்கு ஒரு காரணம்.

அதனால்தான் வெப்பமானியோடு வேறு கருவிகளையும் சேர்த்துக்கொள்கிறார்கள். பனிக்கட்டி மின்சாரத்தைக் கடத்தாது, நீர் ஓரளவு கடத்தும். நிலத்தில் மின்முனைகளை வரிசையாக அடித்து மின்தடையை ஆண்டுதோறும் அளந்தால், வெப்பநிலை மாறாதபோதும் உள்ளே பனிக்கட்டி குறைந்து நீர் கூடுவது தெரிந்துவிடும். இன்னொரு அடையாளம், கோடையில் மேலிருந்து உருகி, குளிர்காலத்தில் மறுபடி உறையும் மேலடுக்கின் தடிமன். சுவிட்சர்லாந்தின் ஷில்ட்ஹார்ன் சிகரத்தில் 2003-க்கு முன் இந்த உருகல் வழக்கமாக 5 மீட்டர் ஆழம் வரைதான் இறங்கிவந்தது. ஐரோப்பாவே வெந்துபோன 2003 கோடையில் அது 9 மீட்டர் வரை இறங்கியது. அதே ஜூலையில் மேட்டர்ஹார்ன் சிகரத்தின் ஹோர்ன்லி முகட்டில் பாறை சரிந்தது. மலையில் இருந்த ஏறக்குறைய தொண்ணூறு பேரை ஹெலிகாப்டரில் இறக்கவேண்டியிருந்தது. பாறை பெயர்ந்த இடத்தில் பனிக்கட்டி பளபளத்தது. விரிசல்களை ஒட்டிப் பிடித்திருந்த பசை இளகிவிட்டது என்று சொல்லலாம். இந்தப் பசை முற்றிலும் உருகவேண்டும் என்றுகூட இல்லை. மைனஸ் 1-ஐத் தாண்டி 0-ஐ நெருங்கும்போதே பனிக்கட்டியின் பிடி தளர்ந்துவிடும்.

ஒரு வரைபடத்தை எப்படிப் படிப்பது

ஆழ்துளை அளவுகளைப் பெரும்பாலும் ஒரே படமாகத் தருவார்கள்: கீழ்நோக்கி ஆழம், குறுக்கே வெப்பநிலை. ஆண்டில் ஒவ்வொரு ஆழமும் தொட்ட மிகக் கூடிய, மிகக் குறைந்த வெப்பநிலைகளை இரண்டு கோடுகளாக வரைந்தால், மேலே வாய் அகன்று கீழே ஒன்றாகிவிடும் எக்காளம் போல இருக்கும். வலக்கோடு 0-ஐ வெட்டும் ஆழம்தான் கோடை உருகலின் எல்லை. இரண்டு கோடும் ஒட்டிக்கொள்ளும் இடம் பருவம் முடியும் ஆழம். அதற்குக் கீழே கோடு சாய்ந்து மறுபடி 0-ஐ வெட்டினால் அங்கே உறைநிலத்தின் அடி.

இப்போது அந்த எக்காளத்தின் காம்பைக் கவனியுங்கள். காலநிலை பல நூற்றாண்டு மாறாமல் இருந்திருந்தால், காம்பு கீழே போகப்போகச் சூடாகும் நேர்க்கோடாக இருக்கவேண்டும். இன்றைய பல மலைத்துளைகளில் அது நேராக இல்லை. மேல்பகுதி சூட்டுப் பக்கமாக வளைந்து, நடுவில் ஓரிடத்தில் மிகக் குளிர்ந்து, அதற்குப் பின்தான் வழக்கம்போல ஏறுகிறது. அந்த வளைவு மேலிருந்து இறங்கிக்கொண்டிருக்கும் புது வெப்பம். நடுவில் உள்ள குளிர், அந்த வெப்பம் இன்னும் எட்டாத பழைய காலம். பாறை 100 மீட்டர் ஆழத்துக்குச் செய்தி அனுப்ப நூறு ஆண்டுக்குமேல் எடுத்துக்கொள்ளும் என்பதால், வளைவின் வடிவத்தை வைத்து மேற்பரப்பு எப்போதிலிருந்து, எவ்வளவு சூடானது என்று பின்னோக்கிக் கணக்கிட முடிகிறது.

சுவிட்சர்லாந்தின் முர்த்தெல் பாறைப் பனியாற்றில் (பனிக்கட்டியோடு மெல்ல நகரும் கற்குவியல்) 1987-இல் 58 மீட்டர் துளைத்து இறக்கிய கேபிள் ஆல்ப்ஸ் மலைகளின் மிக நீண்ட பதிவைத் தந்துகொண்டிருக்கிறது. தனித்திட்டுகளில் இப்படி நீண்ட பதிவுகள் மிகக் குறைவு. பெரும்பாலான திட்டுகளுக்குத் துளையே இல்லை. இருக்கும் சிலவற்றிலும் வளைவு ஏற்கெனவே அடிவரை போய்விட்டது: மேலிருந்து கீழ்வரை எல்லா உணரியும் மைனஸ் 0.2, மைனஸ் 0.1 என்று ஒரே எண்ணைக் காட்டும் நிமிர்ந்த கோடு. அப்படி ஒரு கோட்டைப் பார்த்தால் அந்தத் திட்டு இன்றைய காலநிலையில் உருவானதல்ல, முன்பொரு குளிர்ந்த காலத்தில் உறைந்து, உள்ளே மிச்சமிருக்கும் பனிக்கட்டியை உருக்கிச் செலவழித்துக்கொண்டிருப்பது என்று ஊகிக்கலாம். மவுனா கியாவில் வுட்காக் கண்ட இரண்டு திட்டுகளை நாற்பது ஆண்டு கழித்துத் திரும்பப் போய் அளந்தபோது, ஒன்று பெரிதும் சுருங்கியிருந்தது.